27ஆவது கட்டத்துல ஒரு 3

2018 செப்டம்பர்ல சித்தி வாட்ஸ்அப்ல ஒரு வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. "ஏம்மா, தம்பிய டிஸ்சார்ஜ் பண்ணிட்டாங்களாம்ல, நல்லதுதானே, வீட்டுக்கு வந்துட்டானா, ஒழுங்கா சாப்பிடுறானா"ன்னு. நம்மூர்ல டிஸ்சார்ஜ்னா ஆஸ்பத்திரில பில்லு கட்டிட்டு ஆட்டோ புடிச்சு வீட்டுக்கு வர்றது, நல்ல சேதி. சித்தி குரல்ல அந்த நிம்மதி அப்படியே இருந்துச்சு. நான் அத மூணு தடவ கேட்டேன், என்ன பதில் சொல்றதுன்னே தெரியல. ஏன்னா தம்பி டிஸ்சார்ஜ் ஆனது ஆஸ்பத்திரில இருந்து இல்ல, அமெரிக்க ராணுவத்துல இருந்து. அவன் நாலு வருஷம் போட்ட யூனிஃபார்ம கழட்டி வச்சுட்டு, இடுப்பு வலியோட, கைல ஒத்த பேப்பரோட என் வீட்டு சோஃபால உக்காந்திருந்தான்.

அந்தப் பேப்பர் பேரு டிடி 214. ராணுவத்த விட்டு வெளிய வர்ற ஒவ்வொருத்தருக்கும் குடுக்குறது, 1950ல இருந்து இருக்குற ஃபார்ம். வேலைக்கு, வீட்டு லோனுக்கு, படிப்புக்கு, செத்தா கொடி போத்தி அடக்கம் பண்றதுக்குக்கூட அந்தப் பேப்பர்தான் கேப்பாங்க. அத அவன் என்கிட்ட நீட்டி ஒரே ஒரு இடத்தத்தான் தொட்டுக் காட்டுனான். 27ஆவது கட்டம், ரீஎன்ட்ரி கோட், அதாவது திரும்ப ராணுவத்துல சேர முடியுமாங்கற குறிப்பு, அதுல ஒரு 3. "அக்கா, நாலு போடல, மூணுதான் போட்டிருக்காங்க. திரும்பப் போலாம்"னான்.

நான் இங்க மெடிக்கல் பில்லிங்ல இருக்கேன், கோடு பாத்தே பொழப்பு ஓடுது, அதனால அந்த 3ஐ பாத்ததும் சரி புரிஞ்சுபோச்சுன்னு நினைச்சுட்டேன். புரியல. புரியறதுக்கு எனக்கு ரெண்டு மூணு வருஷம் ஆச்சு, அதுக்குள்ள அவன் இழந்தது இழந்ததுதான். இங்க நம்ம பசங்க நிறைய பேர் இப்போ கிரீன் கார்டோட ராணுவத்துல சேர்றாங்க, இந்தக் கோடு விஷயத்த யாராவது தமிழ்ல ஒழுங்கா சொல்லியிருந்தா எங்க வீட்ல நடந்தது நடந்திருக்காதுன்னு நான் நிஜமா நம்புறேன், அதான் எழுதுறேன். நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

தம்பி எப்படி அங்க போனான்னு முதல்ல சொல்லிடுறேன். மாஸ்டர்ஸ் படிக்க ஸ்டூடன்ட் விசால வந்தவன். அப்போ மாவ்னின்னு ஒரு திட்டம் இருந்துச்சு. கிரீன் கார்டு இல்லாதவங்களையும், ராணுவத்துக்குத் தேவையான மொழி தெரிஞ்சா இல்ல டாக்டர் நர்ஸ் மாதிரி படிப்பு இருந்தா, சேத்துக்குற திட்டம். 2008 கடைசில அனுமதி குடுத்து 2009ல ஆள் எடுக்க ஆரம்பிச்சாங்க, 2016க்கு அப்புறம் புதுசா எடுக்கல. அந்த மொழி லிஸ்ட்ல தமிழும் இருந்துச்சு, மலையாளம், சிங்களமும் இருந்துச்சு. சேந்து பேசிக் டிரெய்னிங் முடியுறப்பவே சிட்டிசன்ஷிப் குடுத்துருவாங்க. தம்பி 2014ல போனான். தமிழ் எழுதப் படிக்கத் தெரிஞ்சதுக்காக ஒரு நாடு என்ன உள்ள விட்டுச்சுக்கான்னு சொல்லுவான், அதுல அவனுக்கு ரொம்பப் பெருமை.

அவனுக்குக் கிடைச்ச வேலை சப்ளை. துப்பாக்கி தூக்கி ஓடுற வேலை இல்ல, ஆனா கன்டெய்னர்ல இருந்து பெட்டி பெட்டியா இறக்கி ஏத்துற வேலை, கூடவே எல்லாரும் போற மார்ச்சும் உண்டு, முதுகுல மூட்டையோட. 2016ல ஒருநாள் லாரி பின்னாடி இருந்து ஒரு பெட்டிய இறக்குறப்ப இடுப்புல ஏதோ பிடிச்ச மாதிரி இருந்துச்சாம். ஐப்யூப்ரொஃபன் போட்டுட்டு ஆறு மாசம் ஓட்டிட்டான். அதுக்கப்புறம்தான் இடது கால் மரத்துப்போக ஆரம்பிச்சுது.

அங்க ஒவ்வொரு சோல்ஜருக்கும் உடம்பு நிலைய ஆறு எழுத்துல வச்சிருப்பாங்க, பல்ஹெஸ்னு சொல்லுவாங்க. பொதுவான உடம்பு, கை, கால், காது, கண்ணு, மனசு, ஒவ்வொண்ணுக்கும் 1ல இருந்து 4 வரைக்கும் நம்பர். இந்திய ராணுவத்துல ஷேப் 1, ஷேப் 2ன்னு சொல்ற மாதிரியே. தம்பிக்கு கால் எழுத்துக்கு, அதுல கீழ் முதுகும் சேத்தி, 3 போட்டுட்டாங்க. நிரந்தரமா 3 விழுந்துட்டா, அது ராணுவத்துல நீடிக்குற தகுதிக்கு கீழ போயிருச்சுன்னா, மெடிக்கல் போர்டுக்கு அனுப்பிருவாங்க. அங்கதான் இந்தக் கதை ஆரம்பிக்குது.

போர்டு ரெண்டு கட்டம். முதல்ல மெப், டாக்டருங்க போர்டு, இவன் உடம்பு ராணுவத் தகுதிக்குள்ள இருக்கா இல்லையான்னு மட்டும் பாக்கும். இல்லைன்னா பெப், அதுதான் இவன் வேலைக்கு ஃபிட்டா அன்ஃபிட்டான்னு தீர்ப்பு சொல்லும். முன்னாடி உடம்பு எவ்ளோ பாதிச்சிருக்குன்னு ராணுவம் தனியா ஒரு பர்சென்ட் போடும், வெளிய வந்தப்புறம் வி.ஏ., அதாவது முன்னாள் படைவீரர் துறை, திரும்ப மொதல்ல இருந்து எல்லா டெஸ்டும் எடுத்து தனியா ஒரு பர்சென்ட் போடும். 2007ல வாஷிங்டன் வால்டர் ரீட் ஆஸ்பத்திரில காயம்பட்ட சோல்ஜருங்க பூஞ்சை புடிச்ச ரூம்ல மாசக்கணக்கா பேப்பருக்கு காத்துக் கெடந்தது பத்திரிகைல வெளிய வந்து பெரிய கலாட்டா ஆச்சு, அதுக்கப்புறம்தான் ரெண்டையும் ஒண்ணா சேத்தாங்க. இப்போ டெஸ்ட் ஒரே தடவ, ரேட்டிங் போடுறது வி.ஏ., அத வச்சு முடிவு எடுக்குறது ராணுவம்.

இப்போ நான் சொல்லப்போறத கொஞ்சம் நிதானமா படிங்க.

வி.ஏ. உங்க உடம்புல சர்வீஸ்னால வந்த எல்லாத்துக்கும் பர்சென்ட் போடும். இடுப்பு, கால், முட்டி, காதுல ரீங்காரம், எல்லாம். ஆனா ராணுவம் அதுல எந்தெந்த கோளாறுனால நீ வேலை பாக்க முடியலன்னு அது ஒத்துக்குதோ அத மட்டும்தான் எண்ணும். தம்பிக்கு வி.ஏ. போட்டது இடுப்புக்கு 20, மரத்துப்போற இடது காலுக்கு 10, முட்டிக்கு 10, காதுக்கு 10. மொத்தம் 40. ஆனா பெப் சொன்னது, இடுப்பு மட்டும்தான் உன்ன அன்ஃபிட் ஆக்குது, கால் இல்லன்னு. ஆக ராணுவக் கணக்குல 20.

ஏன் இந்த 20 இவ்ளோ பெரிய விஷயம்னா, சட்டத்துல 30ன்னு ஒரு எல்லைக்கோடு இருக்கு. இருபது வருஷம் சர்வீஸ் இல்லாதவங்களுக்கு, ராணுவக் கணக்குல 30 இல்ல அதுக்கு மேல வந்தா அது ரிட்டயர்மென்ட். மாசாமாசம் பென்ஷன் தகுதி, ரிட்டயர்டு ஐடி கார்டு, எல்லாத்துக்கும் மேல ட்ரைகேர், அதாவது அவனுக்கும் பொண்டாட்டி பிள்ளைக்கும் மெடிக்கல் இன்ஷூரன்ஸ். இந்த நாட்ல மெடிக்கல் பில்ல தினமும் கைல புடிச்சு பாக்குறவ நான், அந்த இன்ஷூரன்ஸோட மதிப்ப யாரும் எனக்கு சொல்லத் தேவையில்ல. 30க்கு கீழன்னா செவரன்ஸ் பே. ஒரே தடவ மொத்தமா ஒரு தொகை, கைகுலுக்கி அனுப்பிருவாங்க. கணக்கு இப்படி: மாச அடிப்படை சம்பளத்த ரெண்டால பெருக்கி, அத சர்வீஸ் வருஷத்தால பெருக்கணும். சம்பளம் 2,500 டாலர், நாலு வருஷம்னு வச்சுக்கோங்க, 20,000. சர்வீஸ் கொறச்சலா இருந்தாலும் குறைஞ்சது மூணு வருஷமா எண்ணுவாங்க, போர்க்களத்துல பட்ட காயம்னா ஆறா எண்ணுவாங்க.

அந்தக் காசும் முழுசா உங்களுது கிடையாது. போர்க்களக் காயம் இல்லைன்னா, அதே இடுப்புக்காக வி.ஏ. மாசாமாசம் குடுக்க வேண்டிய பணத்த, இந்த செவரன்ஸ் தொகை கழியுற வரைக்கும் புடிச்சு வச்சுக்கும். இது தம்பிக்கு தெரியாது. முதல் மாசம் வி.ஏ. பணம் கம்மியா வந்தப்பதான் தெரிஞ்சுது. (இன்னொண்ணு, போர்ல காயம்பட்டவங்க செவரன்ஸ்ல தப்பா டாக்ஸ் புடிச்சது தனி அநியாயம். 1991ல இருந்து 1,30,000 பேருக்கு மேல அப்படிப் புடிச்சிருக்காங்க, 2016ல அதுக்குன்னு தனி சட்டம் போட்டு, 2018ல லெட்டர் அனுப்பி திருப்பிக் குடுக்க வேண்டியதா போச்சு.)

இப்போ 20க்கும் 30க்கும் நடுவுல என்ன இருக்குன்னு பாருங்க. இடுப்புக்கு ரேட்டிங் எப்படிப் போடுறாங்கன்னா, நேரா நிக்க வச்சு முன்னாடி குனியச் சொல்லுவாங்க, கோனியோமீட்டர்னு ஒண்ணு, ஸ்கூல் ஜியாமெட்ரி பாக்ஸ்ல இருக்குற ப்ரொட்ராக்டருக்கு ரெண்டு கை மொளச்ச மாதிரி இருக்கும், அத இடுப்புல வச்சு எத்தன டிகிரி வளையுதுன்னு அளப்பாங்க. 60 டிகிரிக்கு மேல 85 வரைக்கும்னா 10 பர்சென்ட். 30க்கு மேல 60 வரைக்கும்னா 20. 30 டிகிரியோ அதுக்கும் கம்மியோன்னா 40. கீழ் முதுகுக்கு நடுவுல 30 பர்சென்ட்டே கிடையாது, 20ல இருந்து நேரா 40க்கு தாவுது. ஒரு குடும்பத்தோட இன்ஷூரன்ஸ் அந்தப் பிளாஸ்டிக் அளவுகோல் காட்டுற டிகிரில தொங்குது.

தம்பி 50 டிகிரி குனிஞ்சான். பல்லக் கடிச்சுட்டு குனிஞ்சேன்க்கான்னு சொன்னான். அந்த டாக்டர் இன்னொரு கேள்வியும் கேட்டிருக்கார், வலி அதிகமாகுற நாள்ல எப்படி இருக்கும்னு. அது சும்மா கேக்குறது இல்ல, மோசமான நாள்ல உடம்பு எவ்ளோ ஒத்துழைக்கும்ங்கறதும் ரேட்டிங்ல சேரணும்னு இருக்கு. இவன் சொன்ன பதில், "மேனேஜ் பண்ணிக்குவேன் சார்." மோசமான நாள்ல இவனால பூட்ஸ் லேஸ் கட்ட முடியாது. பக்கத்து ரூம் பையன் மண்டி போட்டு கட்டி விட்டிருக்கான், அப்படி எத்தனையோ காலைல. அத சொல்லல. ஏன்டா சொல்லலன்னு கேட்டேன். "அழுவுற மாதிரி இருக்கும்லக்கா"ன்னான். நாலு வருஷமா வலிய வெளிய சொல்லாதேன்னு பழக்குன இடத்துல, ஒரே ஒருநாள் உண்மைய சொல்லுன்னா எப்படி வரும்.

சரி இடுப்பு 20தான்னே வச்சுக்குவோம். அப்பவும் வழி இருந்துச்சு, அதுதான் எனக்கு இன்னைக்கு வரைக்கும் ஆறாதது. அந்த மரத்துப்போற காலுக்கு வி.ஏ. ஏற்கனவே 10 போட்டிருக்கு. அதையும் அன்ஃபிட்டிங்னு பெப் ஒத்துக்கிட்டா போதும். 20ம் 10ம் 30ன்னு நேரா கூட்டமாட்டாங்க, அவங்க கணக்கு வேற. முழு மனுஷன் 100, அதுல 20 போனா மிச்சம் 80, அந்த 80ல 10 பர்சென்ட் 8, ஆக மொத்தம் 28. ஆனா கடைசில பக்கத்து பத்துக்கு ரவுண்டு பண்ணுவாங்க. 28, 30 ஆகும். 30 வந்தா ரிட்டயர்மென்ட். கால் மரத்துப்போனவன் எப்படி மூட்டையோட மார்ச் போவான், எப்படி லாரில ஏறி இறங்குவான், வாதாட இடம் இருந்துச்சு. போர்டுல சோல்ஜருக்குன்னே காசு வாங்காத வக்கீல் இருக்காங்க. அந்த வக்கீல் அம்மா இவன்கிட்ட தெளிவா சொல்லியிருக்காங்க, முதல் முடிவு பேப்பர் பாத்து எடுத்தது, நீ ஒத்துக்காத, ஃபார்மல் போர்டு கேளு, நேர்ல போய் காலப் பத்தி பேசுவோம்னு. முடிவு சொல்ல எண்ணி சில நாள்தான் டைம்.

இவன் ஒத்துக்கிட்டு கையெழுத்து போட்டுட்டான்.

எதுக்குன்னா, அந்த 3க்காக.

இவனுக்கு மேல இருந்த ஒருத்தர், கெட்ட எண்ணத்துல இல்ல, பாசத்துலதான் சொல்லியிருக்கார்: "ரிட்டயர்மென்ட் வாங்குனா கதவு சாத்திருவாங்க. செவரன்ஸ் வாங்கிட்டு போ, ஆர்.இ. 3 போடுவாங்க, ரெண்டு வருஷம் உடம்ப தேத்திக்கோ, வெய்வர் போட்டு திரும்ப வந்துரலாம்." தம்பிக்கு 27 வயசு. அவன் தேடுனது பென்ஷன் இல்ல, வாசல். அந்த நிமிஷம் யாராவது வந்து இல்லடான்னு சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பானான்னு தெரியாது, ஆனா சொல்ல நான் அங்க இல்ல, எனக்கும் அப்போ தெரியாது.

இந்த ஆர்.இ. கோட்னா என்னன்னு இப்போ சொல்றேன். நீ திரும்பி வந்து சேரணும்னு கேட்டா, வாசல்ல நிக்குற ரெக்ரூட்டர் உன்ன எப்படி நடத்தணும்னு சொல்ற குறிப்பு, அவ்ளோதான். ஆர்மில 1ன்னா தடை எதுவும் இல்ல, வரலாம். 3ன்னா தடை இருக்கு, ஆனா விதிவிலக்கு கேக்க இடம் உண்டு, அதுக்குப் பேருதான் வெய்வர். 4ன்னா விதிவிலக்கும் கேக்க முடியாத தடை. 3ன்னா "கேக்கலாம்"னு அர்த்தம், "குடுப்போம்"னு அர்த்தம் இல்ல. இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்குற பள்ளத்துலதான் எங்க தம்பி விழுந்தான்.

அதுலயும் ஒவ்வொரு படைக்கும் எழுத்து வேற வேற. உடம்பு காரணமா வெளிய வந்தா நேவிலயும் மரீன்லயும் 3பி (P), ஏர்ஃபோர்ஸ்ல அதே விஷயத்துக்கு 2க்யூ. ஏர்ஃபோர்ஸ்காரன் 2ஐ ஆர்மிக்காரன் 3 பக்கத்துல வச்சு எனக்கு பரவால்லன்னு நினைக்குறதுல அர்த்தமே இல்ல. யார் பேப்பரோ அந்தப் படை புத்தகத்துல அந்த வருஷம் அதுக்கு என்ன அர்த்தமோ அதுதான்.

27க்கு மேல 26ன்னு ஒரு கட்டம் இருக்கு, செபரேஷன் கோட், மூணு எழுத்து. அது ஏன் வெளிய வந்தான்னு சொல்றது. முதல் எழுத்து எந்த வகைல அனுப்புனாங்கன்னு சொல்லும், ஜேன்னா நீயா கேக்காம அவங்களா அனுப்புனது, எஸ்ஸுன்னா கட்டாய ரிட்டயர்மென்ட். செவரன்ஸோட அனுப்புனா பழைய கோடு ஜேஎஃப்எல். மெப், வி.ஏ. ரெண்டையும் சேத்த அப்புறம் வந்தது ஜேஈபி, அதுதான் தம்பிக்கு. நிரந்தர டிஸ்எபிலிட்டி ரிட்டயர்மென்ட்னா எஸ்எஃப்ஜே, புதுசுல எஸ்ஈஜே. ஒரு ரெக்ரூட்டர் 27ல இருக்குற 3ஐ பாத்துட்டு நிறுத்திக்க மாட்டார், 26ல என்ன எழுத்துன்னு பாப்பார், அப்புறம் 28ல அதோட விளக்கம் எழுத்துலயே இருக்கும். கதவு தொறக்குமா தொறக்காதாங்கறது அங்கதான் இருக்கு.

இந்த எழுத்துங்க மனுஷங்கள எவ்ளோ சிதைச்சிருக்குன்னு பழைய கதை படிச்சா நெஞ்சு அடைக்கும். முன்னாடியும் இதே மாதிரி கோடு நம்பர் பேப்பர்ல இருந்துச்சு, வேலை குடுக்குறவங்க எப்படியோ அந்த லிஸ்ட்ட வாங்கி வச்சுட்டு, வியட்நாம் போய்ட்டு வந்த பசங்களுக்கு, நல்ல பேரோட வெளிய வந்தவங்களுக்குக்கூட, ஒரு நம்பர பாத்துட்டு காரணமே சொல்லாம வேலை இல்லன்னு அனுப்பியிருக்காங்க. அவங்களுக்கே தெரியாது தன் பேப்பர்ல என்ன எழுதியிருக்குன்னு. 1974ல தான் அத நிறுத்துனாங்க. இப்போ டிடி 214 ரெண்டு விதமா கைல குடுப்பாங்க, மெம்பர் 1ங்கற காப்பில 23ல இருந்து கீழ எதுவும் இருக்காது, மெம்பர் 4ல எல்லாம் இருக்கும். தம்பி ஒரு குடோன் வேலைக்குப் போனப்ப மெம்பர் 4ஐ அப்படியே குடுத்துட்டான், அந்த எச்.ஆர். பொண்ணு இந்த 3 என்ன, ஏதாவது பிரச்சனையான்னு கேட்டிருக்கு. இவன் அன்னைக்கு பூரா பேசல. அந்த வேலைக்கு மெம்பர் 1ஏ போதும். வெளி வேலைக்கும் ஆர்.இ. கோடுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

இன்னொரு எழுத்து இருக்கு, ஜேஎஃப்எக்ஸ், பர்சனாலிட்டி டிஸ்ஆர்டர். ஈராக், ஆப்கானிஸ்தான் போர் நடந்தப்ப, 2001 நவம்பர்ல இருந்து 2007 ஜூன் வரைக்கும் சுமார் 26,000 பேர இந்தக் காரணம் சொல்லி அனுப்பியிருக்காங்க, அதுல சுமார் 2,800 பேர் அந்தப் போருக்காக அனுப்பப்பட்டவங்க. இது டிஸ்எபிலிட்டியே இல்ல, வர்றப்பவே உன் சுபாவம் இப்படின்னு சொல்றது. போர்டு இல்ல, பர்சென்ட் இல்ல, செவரன்ஸ் இல்ல, சேர்றப்ப குடுத்த போனஸ்ல மிச்சத்த திருப்பிக் கேட்டதும் நடந்துச்சு. ஒரு எழுத்து மாறுனா ஒரு ஆயுசு மாறுது. தம்பிக்கு நடந்தது அந்த அளவு இல்லைன்னு எனக்குத் தெரியும், ஆனா அவங்கள நினைக்காம இத எழுத முடியல.

இதுக்கு நடுவுல ஊர்ல வேற பயம். டிஸ்சார்ஜ்னா ஆஸ்பத்திரி இல்ல வேலைன்னு சித்திக்குப் புரிஞ்ச அன்னைக்கு ராத்திரி பூரா போன். வேலைய விட்டு எடுத்துட்டா பாஸ்போர்ட்ட புடுங்கிருவாங்களா, அவன் அந்த ஊர்க்காரனும் இல்லாம இந்த ஊர்க்காரனும் இல்லாம போயிருவானான்னு அழுதாங்க. அது வெறும் பயம் இல்ல, சட்டத்துல ஒரு ஷரத்து இருக்கு, ராணுவ சர்வீஸ் வச்சு சிட்டிசன்ஷிப் வாங்குனவங்க அஞ்சு வருஷம் ஒழுங்கா முடிக்குறதுக்கு முன்னாடி மோசமான வகை டிஸ்சார்ஜ்ல வெளிய வந்தா அத ரத்து பண்ணலாம்னு. தம்பிக்கு அஞ்சு முடியல, நாலுதான். எனக்கே கை நடுங்குச்சு.

அப்போ பெரியப்பா போன வாங்குனார். இந்திய ராணுவத்துல ஹவில்தாரா இருந்து வந்தவர், பீரோக்குள்ள இன்னும் டிஸ்சார்ஜ் புக்க மஞ்சப்பைல சுத்தி வச்சிருக்கார், அதுல கேரக்டர்ங்கற இடத்துல எக்ஸம்ப்ளரின்னு போட்டிருக்கறத நாங்க சின்னப் பிள்ளைல எத்தனையோ தடவ பாத்திருக்கோம். அவர் கோடு, பர்சென்ட் எதையும் கேக்கல. ஒண்ணே ஒண்ணு கேட்டார்: "கேரக்டர் என்ன போட்டிருக்கான்?"

நான் அப்பதான் 24ஆவது கட்டத்த பாத்தேன். கேரக்டர் ஆஃப் சர்வீஸ். ஹானரபிள்.

"அப்புறம் என்னத்துக்கு அழுவுறீங்க, பிள்ள பேரு நல்லாத்தான் இருக்கு"ன்னுட்டு போன சித்திகிட்ட குடுத்துட்டார். விஷயம் தெரிஞ்ச மனுஷன். பாஸ்போர்ட், வி.ஏ. பணம், படிப்பு உதவி, இதெல்லாம் பாக்குறது அந்த 24ஐ. அந்த 3 இவன் நல்லவனா கெட்டவனான்னு எங்கயும் சொல்லல. ஆனா நாங்க, தம்பியும் சேத்து, மாசக்கணக்கா 27ஐயே வெறிச்சுப் பாத்துட்டு இருந்தோம். சித்தி அதுல அவமானத்த பாத்தாங்க, இவன் அதுல நம்பிக்கைய பாத்தான். ரெண்டுமே அந்தக் கட்டத்துல இல்ல. அவனோட எதிர்காலம் இருந்தது அந்த டிடி 214லயே இல்ல, அதுக்கு முன்னாடி கையெழுத்து போட்ட பெப் பேப்பர்ல, அந்த 20ல.

2020 தொடக்கத்துல அவன் ரெக்ரூட்டர பாக்கப் போனான். ஒன்றரை வருஷம் பிசியோதெரபி, நீச்சல், எடைய குறைச்சு, சட்டைய இஸ்திரி போட்டுட்டுப் போனான். அந்த ஆள் மரியாதையாத்தான் பேசியிருக்கார். டிடி 214 வாங்கி 26ஆவது கட்டத்த பாத்தார், வி.ஏ. ரேட்டிங் இப்போ எவ்ளோன்னு கேட்டார், 40ன்னதும் பேனாவ மூடி வச்சுட்டார். உடம்பு சரியாயிருச்சுன்னு நீ நிரூபிக்கணும், அதே உடம்பு சரியில்லைன்னு மாசாமாசம் கவர்மென்ட் உனக்குப் பணம் குடுக்குது, இந்த வெய்வர நான் மேல அனுப்புனா திரும்பிதான் வரும் தம்பின்னு. கார் பார்க்கிங்ல இருந்து எனக்கு போன் பண்ணான். "அக்கா, அவர் பேனாவ மூடிட்டார்"னான். வேற ஒண்ணும் சொல்லல, நானும் கட் பண்ணல, ரொம்ப நேரம் ரெண்டு பேரும் அப்படியே இருந்தோம்.

அதே வருஷம் அவனுக்கு கல்யாணம், அடுத்த வருஷம் பொண்ணு பொறந்தா, குறைப்பிரசவம். குழந்தை என்.ஐ.சி.யூ.ல மூணு வாரம். பில்லு வந்தப்ப நான்தான் லைன் லைனா பாத்தேன். ட்ரைகேர் இருந்திருந்தா எவ்ளோ கட்டியிருப்பான், இப்போ எவ்ளோ கட்டுறான்னு எனக்கு கணக்கு போடாம இருக்க முடியல. போட்டேன், அவன்கிட்ட சொல்லல. 28ஐ 30ஆ ரவுண்டு பண்ற ஒரு கணக்கு, ஃபார்மல் போர்டுல ஒரு நாள்.

திருத்த வழி இருக்கா? இருக்கு, ஆனா குறுகலான வழி. 2001 செப்டம்பர் 11ல இருந்து 2009 கடைசி வரைக்கும் 20 பர்சென்ட்டோ கம்மியோ வாங்கிட்டு வெளிய வந்தவங்களுக்கு காங்கிரஸ் தனியா ஒரு மறுஆய்வு போர்டே வச்சு குடுத்துச்சு, ஏன்னா அந்த சமயத்துல நிறைய பேருக்கு கம்மியா போட்டுட்டாங்கன்னு தெரிஞ்சுபோச்சு. போர்ல மனசு ஒடிஞ்சு வந்தவங்களுக்கு குறைஞ்சது 50 போடணும்னு விதி இருந்தும் போடலன்னு கோர்ட்டுக்குப் போய் செட்டில்மென்ட்டும் ஆச்சு. தம்பி 2018, அதுல வரமாட்டான். அவனுக்கு மிச்சம் இருக்குறது ஆர்மி ரெக்கார்டு திருத்தப் போர்டு, டிடி 149னு ஒரு ஃபார்ம். தப்பு தெரிஞ்ச நாள்ல இருந்து மூணு வருஷத்துக்குள்ள போடணும்.

ஒண்ணு கவனிங்க, அந்த போர்டுல போய் 3ஐ 1 ஆக்குங்கன்னு நிறைய பேர் கேக்குறாங்க. டிஸ்சார்ஜ் காரணம் சரியா இருந்தா அதுக்குப் பொருத்தமான கோடுதான் போட்டிருக்காங்கன்னு சொல்லி திருப்பி அனுப்பிருவாங்க, ஏன்னா 27 வர்றது 26ல இருந்து, 26 வர்றது பெப் முடிவுல இருந்து. வேரப் புடிக்காம இலைய புடிச்சு இழுத்து பிரயோஜனம் இல்ல. தம்பிகிட்ட இத சொல்லி புரிய வைக்க எனக்கு நாள் ஆச்சு, ஏன்னா அந்த 3ஐ விடச் சொல்றேன்னு அவனுக்குத் தோணுது. கேக்க வேண்டியது காலப் பத்தி. அன்னைக்கே கால் அன்ஃபிட்டிங், பழைய கிளினிக் நோட்ல மூட்டையோட மார்ச் போறப்ப விழுந்தது இருக்கு, டிரைவிங் நிறுத்தச் சொன்னது இருக்கு, பூட்ஸ் கட்டி விட்ட அந்தப் பையன் இப்போ வேற ஸ்டேட்ல இருக்கான், அவன் ஒரு பக்கம் எழுதிக் குடுத்திருக்கான். அதப் படிச்சப்பதான் தம்பி முதல் தடவயா அழுது நான் பாத்தேன்.

போன மாசம் என் டைனிங் டேபிள்ல உக்காந்து ஃபார்ம நிரப்புனோம். அதுல ஒரு இடம் இருக்கு, மூணு வருஷம் தாண்டியிருந்தா, நியாயத்த முன்னிட்டு இத ஏன் நாங்க பாக்கணும்னு எழுதுங்கன்னு. மத்ததெல்லாம் அரை மணி நேரத்துல முடிஞ்சுது, அந்த இடத்துல மட்டும் அவன் பேனா நின்னுருச்சு. எழுதுனான், அடிச்சான். சட்டம் தெரியாதுன்னு எழுதுனான், அதையும் அடிச்சான். நான் உள்ள போய் காபி போட்டு எடுத்துட்டு வந்தேன். வந்தப்ப ஒரே வரி எழுதி வச்சிருந்தான் இங்கிலீஷ்ல, தமிழ்ல எனக்குப் படிச்சுக் காட்டுனான்: "திரும்பி வரணும்னுதான் அன்னைக்கு கையெழுத்து போட்டேன்."

கவர்ல வைக்கறப்ப ஒரு பக்கம் நழுவி டேபிளுக்கு அடில போயிருச்சு. அவன் குனியல. ஒரு கைய டேபிள்ல ஊனி, முட்டி போட்டு, மெதுவா தரைல உக்காந்து அத எடுத்து, தூசி தட்டி, திரும்ப வரிசைல சொருகுனான். பதில் இன்னும் வரல.